பெல்பாட்டம்

பெல்பாட்டம் என்பது இடுப்பிலும் தொடையிலும் உடலை ஒட்டி நின்று, முழங்காலுக்குக் கீழே மணியின் வாய்போல விரிந்து பாதத்தை மூடும் முழுக்கால்சட்டை. கப்பல் மாலுமிகளின் வேலை உடையாகப் பிறந்த இது, 1960களின் இறுதியில் மேலைநாட்டு இளைஞர்களின் எதிர்ப்பு உடையாகி, 1970களில் ஆண், பெண் இருபாலரும் அணியும் உலக நாகரிகமாக வளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிந்ததும் மறைந்தது. 1990ஐ ஒட்டியும், 1990களின் நடுவிலும், 2015ஐ ஒட்டியும், 2020க்குப் பிறகும் மீண்டும் மீண்டும் வந்தது. தமிழ்நாட்டில் எழுபதுகளை நினைத்துப் பேசுகிறவர்கள் நாய்க்காது காலர், கிருதா, ஸ்டெப் கட்டிங், பெல்பாட்டம் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அவற்றுள் பெல்பாட்டம் அந்தக் காலத்துக்கே அடைமொழியாகிவிட்டது. ‘பெல்பாட்டம் காலம்’ என்றால் எந்தக் காலம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த உடை எத்தனை முறை திரும்பி வந்தாலும் வந்தது அதன் வடிவம்தான். ஒவ்வோர் ஆளையும் நிற்கவைத்து அளந்து, அவர் காலுக்கென்றே வெட்டித் தைத்த டெய்லரின் வேலை அதோடு சேர்ந்து திரும்பவில்லை. எழுபதுகளின் உடைகளை நினைவுகூரும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான்.

சொல்லும் வடிவமும்

ஆங்கிலப் பெயர் தமிழில் அப்படியே வழங்குகிறது. பேச்சில் ‘பெல்ஸ்’ என்று சுருங்கும். இலங்கைத் தமிழில் ‘பெல்பொட்டம்’ என்று ஒலிக்கும். விரிவின் அளவையும், அது தொடங்கும் இடத்தையும் பொறுத்து இதற்குப் பல உறவினர்கள் உண்டு. தொடையிலிருந்தே மெல்ல விரிவது ‘ஃப்ளேர்’. பூட்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் சற்றே விரிவது ‘பூட்கட்’. தொடை முதல் அடிவரை ஒரே அகலத்தில் இறங்குவது ‘பேரலல்’.

அறுபதுகளின் பெல்பாட்டத்தில் அடிச்சுற்றளவு 18 அங்குலம் என்பது வழக்கமான அளவு. அதையும் தாண்டி 26 அங்குலம் விரிந்த வகைக்கு மேலைநாடுகளில் ‘லூன்’ என்று பெயர். எழுபதுகளின் நடுவில் வந்த ‘எலிஃபெண்ட் பெல்ஸ்’ செருப்பு வெளியே தெரியாதபடி மூடியது.

கப்பல்தளத்தில் தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலுமிகளுக்கென்று ஒரே மாதிரியான சீருடை கிடையாது. கப்பலில் இருந்த துணியைக் கொண்டு அவரவர் தைத்துக்கொண்டார்கள். 1813இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஸ்டீபன் டெக்கேட்டர், தம் கப்பல்களின் மாலுமிகள் நாடா தொங்கும் தொப்பியும் நீல மேல்சட்டையும் அடி விரிந்த நீலக் கால்சட்டையும் அணிந்திருந்ததாகக் குறித்திருக்கிறார். இந்த உடை பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. பிரிட்டிஷ் கடற்படை 1857இல்தான் சாதாரண மாலுமிகளுக்குச் சீருடை விதி வகுத்தது. விரிந்த கால்சட்டை அதில் இடம்பெற்றது.

அடி ஏன் விரிந்தது என்பதற்கு மாலுமிகள் வழிவழியாகச் சொல்லும் காரணங்கள் உண்டு. தளத்தைக் கழுவும்போது முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடலாம். கடலில் தவறி விழுந்தால் பூட்ஸைக் கழற்றாமலே உருவி எறியலாம். உருவிய கால்சட்டையின் அடியை முடிச்சுப்போட்டுக் காற்றை நிரப்பினால் சற்று நேரம் மிதவையாகவும் பயன்படும். அமெரிக்கக் கடற்படையின் கால்சட்டையில் முன்பக்கம் 13 பொத்தான்கள் இருந்தன. அவை தொடக்கக்கால 13 குடியேற்றங்களைக் குறிப்பதாக ஒரு கதை பரவியது. முன்மடிப்பு அகலமானபோது பார்வைக்குச் சீராக இருக்கட்டும் என்று கூட்டப்பட்ட பொத்தான்களே அவை.

கரையில் இருந்தவர்கள் அகலமான கால்சட்டைக்குப் பழகியது 1920களில். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 1925ஐ ஒட்டி ‘ஆக்ஸ்ஃபோர்டு பேக்ஸ்’ எனும் மிக அகலமான கால்சட்டைகளை அணிந்தார்கள். பிரான்சில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் மாலுமிகளின் கால்சட்டையைப் பெண்களுக்கான கடற்கரை உடையாக்கினார்.

எதிர்ப்பின் உடை

1960களில் அமெரிக்க இளைஞர்கள் ராணுவ, கடற்படைப் பழைய துணிக்கடைகளுக்குப் போனார்கள். புதுத்துணி வாங்கும் நுகர்வுப் பழக்கத்துக்கு முகம் திருப்பியவர்களுக்கு, மலிவாகக் கிடைத்த மாலுமிக் கால்சட்டை பொருத்தமாக இருந்தது. வியட்நாம் போரை எதிர்த்த ஹிப்பிகள் போர்க்கப்பலின் உடையை அணிந்து அதன் பொருளையே மாற்றினார்கள். கடையில் கிடைக்காதவர்கள் சாதாரண ஜீன்ஸின் வெளித்தையலை முழங்கால் வரை பிரித்து, நடுவே பூப்போட்ட முக்கோணத் துண்டைச் சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டு பழைய திரைச்சீலையாகவோ ஸ்கார்ஃபாகவோ இருக்கும். உலகெங்கும் பரவிய நாகரிகத்துக்கு ஊசியும் நூலும் கொண்டு வீட்டிலேயே போட்ட அடித்தளம் இது.

1969இல் லீவைஸ் நிறுவனம் பெல்பாட்டம் ஜீன்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971இல் தொடங்கிய சன்னி, ஷெர் பாடகர் இணையின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வீட்டுக்கூடங்களுக்குக் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘சோல் டிரெயின்’ கருப்பின இளைஞர்களின் ஆஃப்ரோ முடியையும் ஆட்டத்தையும் அகன்ற கால்சட்டையையும் பெருமிதத்தோடு காட்டியது. 1977இல் வந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தில் ஜான் டிரவோல்டா அணிந்த வெள்ளை பாலியஸ்டர் சூட் டிஸ்கோ காலத்தின் சின்னமாயிற்று. ஆடும்போது விரிந்த அடி காலின் ஒவ்வோர் அசைவையும் பெரிதாக்கிக் காட்டும். நடன மேடையும் பெல்பாட்டமும் ஒன்றையொன்று வளர்த்ததற்கு இதுவே காரணம்.

பாலியஸ்டரின் பங்கு

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த பாலியஸ்டர் இழை ‘டெரிலின்’ என்ற பெயரில் புகழ்பெற்றது. எழுபதுகளின் உருவம் பெரிதும் இந்த இழையின் தன்மையால் அமைந்தது. மெல்லிய பருத்தியில் தைத்த பெல்பாட்டம் இரண்டு மணி நேரத்தில் கசங்கித் தொய்ந்துவிடும். பாலியஸ்டரில் வெப்பம் கொடுத்துப் போட்ட மடிப்பு துவைத்த பின்னும் நிற்கும்; விரிந்த அடியும் விறைப்பாகத் தொங்கும். நாய்க்காதுபோல் நீண்ட காலர் தோளில் படிந்து கிடந்ததும் இதே விறைப்பால்தான்.

தமிழ்நாட்டில் டெரிலினும், பருத்தி கலந்த டெரிகாட்டனும் விலை கூடிய துணிகள். வியர்வையை உறிஞ்சாத துணி சித்திரை வெயிலில் உடலோடு ஒட்டும். ஆனாலும் கஞ்சி வேண்டாம், இஸ்திரி அதிகம் வேண்டாம், சாயம் போகாது என்ற மூன்று வசதிகளும் வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் தலைமுறை இளைஞர்களுக்குப் பெரிதாகப்பட்டன. தீபாவளிக்கு ஒரு டெரிகாட்டன் பேண்ட் எடுப்பது அன்று ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கில் ஏறும் செலவு.

இந்தியத் திரையிலும் தமிழ்நாட்டிலும்

1971இல் வெளியான ‘ஹரே ராம ஹரே கிருஷ்ணா’வில் ஜீனத் அமன் ஏற்ற ஹிப்பிப் பெண் வேடம் இந்திய நகரங்களில் புதிய தோற்றத்துக்கு வாசல் திறந்தது. 1973இல் வந்த ‘பாபி’, ‘யாதோங் கி பாராத்’ படங்கள் அதை இளைஞர்களின் பொதுச்சொத்தாக்கின.

தமிழில் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973இல் வெளிவந்தது. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும், சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்திலும் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் பார்வையாளர்கள் அயல்நாட்டை மட்டும் பார்க்கவில்லை. அயல்நாட்டு வீதியில் நடக்கும் உடையையும் பார்த்தார்கள். 1979இல் கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ இசைக்குழு இளைஞர்களாகக் கமல்ஹாசனையும் ரஜினிகாந்தையும் சிங்கப்பூர் மேடைகளில் நிறுத்தியது. 1980இல் வந்த ‘பில்லா’ இந்த அலையின் கடைசிப் பெரிய படங்களில் ஒன்று.

துணி வந்த வழியும் கடல்வழிதான். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி 1969இல் அமைந்த பர்மா பஜார், வெளிநாட்டுப் பொருளுக்குத் தடைகள் மிகுந்த காலத்தில் ‘ஃபாரின் துணி’ கிடைக்கும் இடமாயிற்று. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைகளை இணைத்து ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் சென்ட் பாட்டிலுக்கும் கோடாலித் தைலத்துக்கும் அருகில் பேண்ட் துணியும் இருந்தது. மாலுமிகளின் உடை மறுபடியும் ஒரு துறைமுகத்தின் வழியாகவே இங்கே இறங்கியது.

தமிழ்ப் பெண்களிடையே பெல்பாட்டம் திரைக்கும், பெருநகரக் கல்லூரிகளுக்கும், சில வசதியான வீடுகளுக்கும் அப்பால் அதிகம் போகவில்லை. பாவாடை தாவணியும் நைலக்ஸ் சேலையும் நிலைபெற்றிருந்தன. எழுபதுகளின் புதுமை அவர்களை மாக்ஸியாகவும் மிடியாகவும் வந்தடைந்தது.

டெய்லர் மேசையில்

ஆயத்த ஆடை அரிதாக இருந்த அந்தக் காலத்தில் பெல்பாட்டம் பிறந்த இடம் தெருமுனை டெய்லர் கடை. துணியை எடுத்துக்கொண்டு போனால் இடுப்பு, சீட், தொடை, முட்டி, அடி, நீளம் என்று ஆறு அளவுகள் நோட்டில் ஏறும். மற்ற பேண்ட்டுகளில் முட்டி அளவுக்குப் பெரிய இடமில்லை. பெல்பாட்டத்தில் அதுவே உயிர்நிலை. முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே பேண்ட் மிகக் குறுகலாக வேண்டும். அங்கிருந்து தரைவரை விரிய வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்குக்கூட முட்டியின் உயரம் மாறும் என்பதால் ஒருவருக்கு வெட்டியது மற்றவருக்குச் சரியாக அமையாது.

அடியை வெட்டுவது தனிக் கைத்திறன். நேர்கோட்டில் வெட்டினால் முன்பக்கம் பாதத்தின் மேல் மடிந்து சுருங்கும். ஆகவே முன்புறத்தைச் சற்று ஏற்றியும், பின்புறத்தைக் குதிகாலை மூடுமாறு இறக்கியும் வளைவாக வெட்டுவார்கள். உயரக் குதி செருப்பு போடுகிறவர் அதை அணிந்துகொண்டே அளவு கொடுக்க வேண்டும். பின்னடி தரையில் உரசி ஒரே மாதத்தில் நைந்துபோகும். அதற்கு நம் ஊர் டெய்லர்கள் கண்ட தீர்வு, அடிமடிப்பின் உட்புறத்தில் ஜிப்பை வைத்துத் தைப்பது. உலோகப் பற்கள் தரையில் உரசித் தேயும், துணி தப்பிக்கும். அடியில் ஜிப் பளபளக்க நடப்பதே பிறகு ஒரு நாகரிகமாயிற்று. தேவைக்குச் செய்த வேலை அழகாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எழுபதுகளின் உடைகளில் இல்லை.

கண்டனமும் தடையும்

வீடுகளில் இந்த உடைக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. தெருப் பெருக்க விளக்குமாறு எதற்கு என்ற கேலி பல ஊர்களில் கேட்ட ஒன்று. ஒரு பேண்ட் துணியில் இரண்டு பேண்ட் தைக்கலாமே என்று பெற்றோர் போட்ட கணக்கில் நியாயமும் இருந்தது.

சில நாடுகளில் அரசே தலையிட்டது. சிங்கப்பூரில் ஹிப்பிப் பண்பாட்டுக்கு எதிரான இயக்கம் நீள்முடியைக் குறிவைத்தது. நீள்முடி வைத்த ஆண்களை அரசு அலுவலகங்களில் கடைசியாகவே கவனிப்பார்கள் என்று அறிவிப்புப் பலகைகள் சொல்லின. 1972இல் லெட் ஜெப்ளின் இசைக்குழு முடி காரணமாக உள்ளே வர முடியாமல் திரும்பியது. அதே நகரில் ஏழு ஆண்டுகள் கழித்து ‘நினைத்தாலே இனிக்கும்’ குழு பாடியது என்பது தமிழ்ப் பார்வையாளர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. ஆப்பிரிக்காவில் ஹேஸ்டிங்ஸ் பண்டா ஆண்ட மலாவி நாடு, நீள்முடியோடும் விரிந்த கால்சட்டையோடும் வரும் ஆண்களுக்கு நுழைவு இல்லை என்று அறிவித்தது.

மறைவு

1971 முதல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட், மால்கம் மெக்லாரன் இருவரும் நடத்திய கடையைச் சுற்றி வளர்ந்த பங்க் இளைஞர்கள் குறுகிய குழாய்க் கால்சட்டையைத் தேர்ந்தார்கள். பெல்பாட்டம் அவர்களுக்கு அண்ணன்மாரின் உடையாகப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் அது கேலிப்பொருளாயிற்று. தமிழ்நாட்டில் முதலில் பேரலலும், பிறகு இடுப்பில் மடிப்பு வைத்த பேகியும் அதன் இடத்தைப் பிடித்தன.

இங்கே பெல்பாட்டங்களைத் தூக்கி எறிந்தவர்கள் குறைவு. டெய்லரிடம் கொடுத்து அடியைப் பிடித்துத் தைத்தார்கள். குறுகிய பேண்ட்டை விரிக்க வேண்டுமென்றால் வேறு துணி சேர்க்க வேண்டும். விரிந்ததைக் குறுக்கப் பழைய தையலுக்கு உள்ளே புதுத் தையல் ஒன்று போட்டால் போதும். அப்படிப் பேரலலான பேண்ட் நைந்த பிறகு தம்பிக்கு அரைக்கால்சட்டை ஆயிற்று. அதுவும் கிழிந்தால் பை ஆயிற்று. அந்தக் காலத்தின் பெல்பாட்டம் தமிழ் வீடுகளில் இன்று அரிதாகவே கிடைப்பதற்கு இதுவே காரணம். எஞ்சியிருப்பவை ஸ்டுடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களும் சினிமாவும். இங்கே பின்னால் வந்த எல்லா மீள்வரவுகளும் துணியைத் தொட்டுப் பார்த்து உருவானவை அல்ல. படத்தைப் பார்த்து உருவானவை.

மீள்வரவுகள்

உடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937இல் ஒரு கால அட்டவணை வகுத்தார். வழக்கொழிந்த உடை 10 ஆண்டுகளில் அருவருப்பாகவும், 20 ஆண்டுகளில் நகைப்புக்குரியதாகவும், 30 ஆண்டுகளில் ரசிக்கத்தக்கதாகவும் தோன்றும் என்றார். எழுபதுகளும் முந்தைய காலத்தை நினைத்தே தம் உடையை அமைத்தன. 1971இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1940களின் தோற்றத்தை மீட்டுப் பெரும் சர்ச்சையில் சிக்கினார். லண்டனின் பீபா கடை 1920, 30களின் சாயலை விற்றது.

பெல்பாட்டம் லேவரின் கணக்கைவிட விரைவாகத் திரும்பியது. 1989, 90இல் மான்செஸ்டர் இசை அலையைச் சேர்ந்த இளைஞர்கள் அகன்ற அடி ஜீன்ஸை மீண்டும் அணிந்தார்கள். அவர்களின் கூடுகையாக 1990 மே மாதம் ஸ்பைக் ஐலண்டில் ஸ்டோன் ரோசஸ் குழுவின் இசை நிகழ்ச்சி நடந்தது. 1995இல் குச்சி நிறுவனத்துக்காக டாம் ஃபோர்டு, இடுப்பில் தாழ்ந்து நிற்கும் வெல்வெட் கால்சட்டையையும் பொத்தான் திறந்த சாட்டின் சட்டையையும் மேடையேற்றினார். ஹிப்பிகளின் எளிமை அதில் இல்லை. டிஸ்கோவின் ஆடம்பரம் இருந்தது. அதே ஆண்டில் டிரவோல்டாவின் வெள்ளை சூட் ஏலத்தில் 1,45,500 டாலருக்குப் போனது. கடையில் ஆயத்தமாகத் தொங்கிய ஒரு பாலியஸ்டர் சூட்டுக்கு நினைவு வைத்த விலை அது. 1998இல் தொடங்கிய ‘தட் செவன்டீஸ் ஷோ’ தொடர் அந்தப் பத்தாண்டைப் பார்த்திராத தலைமுறைக்கு அதை அறிமுகம் செய்தது.

பெல்பாட்டத்தின் அடக்கமான வடிவமான பூட்கட் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் அன்றாட ஜீன்ஸாயிற்று. பின்னர் ஸ்கின்னி ஜீன்ஸ் அதை விரட்டியது. 2015ஐ ஒட்டி ஒரு முறையும், 2020க்குப் பிறகு மறு முறையும் விரிந்த அடி திரும்பியது. ஒவ்வொரு முறையும் எழுபதுகளிலிருந்து ஒரு பகுதி மட்டுமே எடுக்கப்பட்டது.

தமிழ்த் திரையின் நினைவு

எழுபதுகளிலிருந்து எதை எடுப்பது என்ற இந்தத் தேர்வைத் தமிழில் அருகருகே வைத்துக் காட்டும் இரண்டு படங்கள் உண்டு. 2007 டிசம்பரில் ‘பில்லா’ மீண்டும் எடுக்கப்பட்டு வந்தபோது கதையும் பெயரும் திரும்பின, பெல்பாட்டம் திரும்பவில்லை. அஜித்குமார் உடலோடு ஒட்டிய கருப்பு சூட்டில் நடந்தார். ஏழு மாதங்களுக்குப் பிறகு, 2008 ஜூலையில், சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ புதிய கதையோடு வந்தது. 1980இன் மதுரையைக் காட்ட அடர்ந்த முடி, தாடி, பெரிய காலர், விரிந்த பேண்ட் ஆகியவை அதற்குத் தேவைப்பட்டன. வழக்கொழிந்த பிறகு தமிழ்ப் படங்களில் பெல்பாட்டம் அதுவரை பெரும்பாலும் சிரிக்க வைக்கவே வந்தது. ‘சுப்பிரமணியபுரம்’ அதை நம் தெருவில் வாழ்ந்தவர்களின் உடையாக மதித்தது. வேலையில்லாத இளைஞன் தன்னைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டு தெருமுனையில் நிற்பதில் இருந்த ஏக்கம் அந்த உடையில் தெரிந்தது.

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) நெருக்கடிநிலைக் கால வடசென்னையை அதே அக்கறையோடு உடுத்தியது. 2023இல் ‘மார்க் ஆண்டனி’யும் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ படமும் 1975க்குப் போய்வந்தன. இப்படி ஒரு படம் வெளியான பிறகு கல்லூரி விழாக்களில் ‘ரெட்ரோ டே’ நடப்பதும், அப்பாவின் பழைய படத்தைப் பார்த்து மகன் உடுத்துவதும் இன்று இயல்பாகிவிட்டன.

இன்று

இப்போது கடைகளில் கிடைக்கும் விரிந்த பேண்ட்டில் இழுபடும் இழை கலந்திருக்கிறது. தொடையில் இறுகினாலும் உட்கார முடிகிறது. விலை எளியது, கல்லூரிப் பெண்கள் தயக்கமின்றி அணிகிறார்கள். எழுபதுகளில் தமிழ்ப் பெண்களுக்குத் திரையோடு நின்ற உடை ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிறுத்தம் வரை வந்திருப்பது மெய்யான முன்னேற்றம்.

ஆனால் அந்தப் பேண்ட் எந்தக் காலையும் அளந்து வெட்டப்பட்டதல்ல. நீளம் கூடுதலாக இருந்தால் ஆல்ட்ரேஷன் கடையில் அடியை வெட்டச் சொல்கிறோம். பெல்பாட்டத்தின் விரிவு முழுவதும் அடியை நோக்கித்தான் பெருகுகிறது; நான்கு அங்குலம் வெட்டினால் மிக அகலமான நான்கு அங்குலம் போய்விடும். முட்டிக்கு வர வேண்டிய குறுகலோ கெண்டைக்காலில் நிற்கும். கையில் மிஞ்சுவது மணியின் வாய் இல்லாத மணி. பழைய டெய்லர்கள் வாடிக்கையாளரை நிற்கவைத்து, தரையில் ஒரு முட்டியை ஊன்றி அமர்ந்து, முதலில் அவர் முட்டியிலிருந்து தரைவரை டேப்பைப் பிடித்தது இதற்காகத்தான்.